ஷட்டர் ஏறும் சத்தம்

என் அண்ணனின் கடைசி வார்த்தைக்கு விளம்பரக்காரர் சொன்ன முதல் விலை இரண்டு லட்சம். எங்கள் வீட்டில் முதல் விலைக்குத் தலையாட்டுகிறவனுக்குப் பெண்கூடக் கொடுக்கமாட்டார்கள். நான் கம்மென்று இருந்தேன்.

அண்ணன் துணிக்கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில், விடிகிற நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஷட்டரைத் தூக்கிட்டாங்கடா. உள்ள என்னா வெளிச்சம்!" என்றார். முகத்தில் நல்ல போணி ஆன சிரிப்பு. அதோடு போய்விட்டார்.

பற்பசைக்கும் சோப்புக்கும் மெட்டுப் போட்டுப் பிழைப்பவன் நான். அந்தச் சிரிப்புக்கு ஒரு மெட்டு எழுதியே தீருவதென்று உட்கார்ந்தேன். முடிவில் ஒற்றை வயலின் மெல்ல ஏறி, இறங்காமல் மேலேயே நின்றுவிடும்.

விளம்பரக்காரர் அதை ஆயுள் காப்பீட்டுக்குக் கேட்டார். "கடைசியில மட்டும் கொஞ்சம் இறக்கிடுங்க சார். பாக்கிறவன் கண்ணு கலங்கணும். கலங்கினாத்தான் பாலிசி எடுப்பான்."

"அவர் கலங்கலையே."

"யாரு?"

"எங்க அண்ணன்."

விளம்பரக்காரர் மூன்று லட்சம் என்றார். பிறகு நான்கு. ஐந்தில் நான் வாயைத் திறந்தேன். "இறக்கினா அது பொய் சார். பொய்க்கு நிறைய மெட்டுப் போட்டிருக்கேன், உங்க பற்பசைக்கே மூணு. இது மட்டும் விலைக்கில்ல."

"உங்களுக்கு வியாபாரமே தெரியல."

"தெரிஞ்சதாலதான் அஞ்சு வரைக்கும் ஏத்திப் பாத்தேன்."

அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த தொல்லை வயலின்காரர். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் கடைசி சுரத்தில் இறங்கிவிட்டார்.

"சாவுப் பாட்டு தம்பி. விரல் தன்னால இறங்குது."

"இது கடை திறக்கிற பாட்டு சார்."

"அப்ப செத்தது யாரு?"

"கடைக்காரர்."

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விடுவேனா? மறுநாள் காலை கடைக்கே அழைத்துப்போய் ஷட்டரைத் தூக்கச் சொன்னேன். குனிந்து, பல்லைக் கடித்து, முழங்கால்வரை தூக்கினார். இடுப்புவரை தூக்கினார். அதற்குமேல் உச்சியிலிருக்கும் சுருள்வில் இழுத்துக்கொள்ள, ஷட்டர் கையைவிட்டுக் கடகடவென்று ஏறியது. வெயில் துணிக்கட்டுகள்மேல் விழுந்தது.

"பாதிக்கு மேல நாம தூக்கவே வேண்டாம்போல!" என்றார், வெறுங்கையைப் பார்த்தபடி.

"அதைத்தான் வாசிக்கணும்."

அன்று பதிவில் வயலின் ஏறியது, நின்றது, இறங்கவில்லை.

பதிவைக் கடையில் போட்டுக் காட்டினேன். அண்ணி கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு படி ஏறாதா?" என்றார். பேரம் எங்கள் வீட்டு மருமகளையும் விடவில்லை.

"இதுக்குமேல தந்தி அறுந்துடும் அண்ணி."

"சரி, கணக்கைச் சொல்லு."

ஸ்டுடியோ வாடகை முப்பதாயிரம். வாசித்த நாலு பேருக்கு நாற்பதாயிரம். ஆக எழுபது. வரவு ஒன்றுமில்லை.

கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். "யார் பேர்ல எழுத?"

"அண்ணன் பேர்லயே எழுதுங்க."

"அவர் யாருக்கும் பாக்கி வச்ச ஆளில்ல," என்று கணக்கு நோட்டைப் புரட்டினார். பிறகு எழுதினார்: முதலாளி பற்று, எழுபதாயிரம். "இந்தப் பாக்கி ஒண்ணு மட்டும் நிக்கட்டும்."