அப்பா இடம்

திங்கட்கிழமை மத்தியானம் ரீஸ் போன் செய்தபோது, எல்டன் ருஸ்கா சமையலறை மேசையில் மூன்று வருஷத்துக் காற்று விவரத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் ஆட்டம் தென் கரோலினாவில், கடலோர மைதானத்தில். அங்கே காற்று எந்தப் பக்கம் திரும்பும், பந்தைத் தாழ்வாக அடிக்கத் தெரிந்தவன் எவன், கடைசி நாளில் எவன் கை நடுங்கும் என்பதையெல்லாம் இந்த மனுஷர் ஒஹாயோவில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிடுவார். அவர் கோல்ஃப் மட்டையைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதுகு போனதிலிருந்து பார்ப்பதும் எழுதுவதும்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவருடைய பட்டியல் இணையத்தில் வரும். கற்பனை அணி கட்டி விளையாடுகிறவர்களுக்கு ஆறு பேர். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு விலை உண்டு, மொத்தம் வரம்பைத் தாண்டக் கூடாது, வியாழக்கிழமை காலையில் முதல் பந்து பறந்துவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் அணியை மாற்ற முடியாது. ஆறு பேருக்குக் கீழே ஜோடிகள் வரும். இன்னாருக்கும் இன்னாருக்கும் நடுவில் நாலு நாள் முடிவில் யார் முந்தியிருப்பான் என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்காக அது. நாலாயிரம் பேர் படித்தார்கள். கூட்டம் சின்னதுதான், ஆனால் எல்லாம் வெறியர்கள். எல்டன் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டாலும் ஏன் என்று கேட்கிற ஜாதி.

அந்த ஆறில் ஐந்து பெயர்தான் நிஜம். ஆறாவது ரீஸ், அவருடைய ஒரே மகன். ரீஸ் பெரிய சுற்றில், அதாவது வாராவாரம் ஊர் ஊராகப் போகும் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடுகிறவன். முன்னுக்கும் வராமல் பின்னுக்கும் போகாமல் நடுவில் கிடந்து மல்லாடுகிறவன். அவன் ஆடுகிற வாரமெல்லாம் ஆறாவது வரியில் அவன் பெயர் இருக்கும். ஆறு வருஷமாக ஒரு வாரம் தப்பியதில்லை. படிக்கிறவர்கள் அந்த வரிக்கு 'அப்பா இடம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, அப்பா இடத்தை அடித்துவிட்டு உனக்குப் பிடித்தவனைப் போட்டுக்கொள் என்பதுதான். எல்டனுக்கும் இது தெரியும். பெற்ற பாசம், போய்த் தொலையட்டும் என்று அவர்களும் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார்.

அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஜனவரி பிறந்தால் ரீஸ் சுற்றை நடத்துகிறவர்களுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். உடம்பு, காயம் என்று ஊருக்குத் தெரியாத எதையும் பந்தயத்தோடு தொடர்புள்ள எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிய தாள் அது. எவரிடமும் என்றால் அப்பாவும் அதில் அடக்கம். அதனால் எப்படி இருக்கே என்று இவர் கேட்பார், நல்லா இருக்கேன் என்று அவன் சொல்வான். ஜுரம் கொதித்தாலும் நல்லா இருக்கேன், பெண்டாட்டி விட்டுப் போன வாரமும் நல்லா இருக்கேன். அப்படிச் சொல்ல அவனைப் பழக்கியதே எல்டன்தான். என் வீட்டு வழியாக ஒரு வார்த்தை கசியாது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அன்றைக்கு அவன் நல்லா இருக்கேன் என்று சொல்லவில்லை.

"அப்பா, கை போச்சுப்பா" என்றான்.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. மட்டையின் அடிமுனை அழுத்துகிற இடம் அது. அதில் கீறல். டாக்டர் ஆறு வாரம் மட்டையைத் தொடாதே என்கிறார். இதுவோ வருஷத்தின் கடைசி ஆட்டம். முதல் நூறு பேருக்குத்தான் அடுத்த வருஷம் சுற்றில் இடம், ரீஸ் நூற்று மூன்றாவதாக நிற்கிறான். இந்த வாரம் முதல் இருபதுக்குள் வந்தால் பிழைத்தான், இல்லாவிட்டால் முப்பத்தொரு வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு ஆடப்போகிறேன் என்றான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இவர், பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலே நாலு நாள் ஓட்டிடுடா என்றார். வேறு என்ன சொல்வார்?

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா."

"நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்."

அவர் யாரிடமும் சொல்லவில்லை, அது சத்தியம். மனைவி லோர்னாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வெர்னா ஸ்டால் போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ரீஸை ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியவள் அவள்தான். எல்டனின் பட்டியலை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுகிற ஒரே ஜீவன் அவள். அப்பா இடத்தை அடிக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. பையனுக்குக் கடைசி ஆட்டமாச்சே, இந்தத் தடவை ஜோடியிலும் ரீஸ் பேரில் கட்டப்போகிறேன், குளிருக்கு முன்னால் ஜன்னல் மாற்ற எடுத்துவைத்த காசு சும்மாதானே கிடக்கிறது என்றாள். எல்டன் வேணாம் வெர்னா என்று சொல்ல வாய் எடுத்தார். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பட்டியல் வரட்டும், பார்த்துட்டுக் கட்டு என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். ஐந்து பெயர் போட்டாயிற்று. ஆறாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

இங்கேதான் எனக்கு இந்த ஆள் மேல் கோபம் வருகிறது. உடம்பு சரியில்லை, இந்த வாரம் பட்டியல் கிடையாது என்று எழுதியிருக்கலாம். வழக்கம்போல மகன் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். வெர்னாவைத் தவிர அதை எவனும் நம்பப்போவதில்லை, எவன் குடியும் முழுகப்போவதில்லை. ஆனால் பதினோரு வருஷமாகத் தெரிந்தே ஒரு தப்பான பெயரை எழுதியதில்லை என்ற கர்வம் ஒன்று அவரிடம் இருந்தது. ஜன்னல் காசு ஒரு பக்கம் உறுத்தியது. எழுதினால்தானே சொன்னதாகும், எழுதாமல் விட்டால் என்ன சொன்னதாகும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் பேசிக்கொண்டார். ஆறாவது வரியில் ஹால்வோர்சன் என்ற நார்வேக்காரன் பெயரைத் தட்டினார். ஜோடிகளில் ரீஸ் இருந்த ஜோடியை விட்டுவிட்டார். சரியாகப் பத்து மணிக்குப் பட்டியல் போயிற்று.

பத்து ஆறுக்கு முதல் ஆள் கேட்டான், அப்பா இடம் எங்கே என்று. அடுத்தவன், ரீஸ் ஆடுகிறான்தானே, ஆட்டக்காரர் வரிசையில் பெயர் இருக்கிறதே என்றான். பத்து இருபதுக்கெல்லாம் கையா முதுகா என்று பேச்சு முற்றிவிட்டது. ஒருவன் போன வார ஆட்டத்தின் வீடியோவைத் தேடிப்பிடித்து, ரீஸ் இடது கையுறையை அடிக்கடி கழற்றுவதை வட்டம் போட்டுக் காட்டினான். ஆறு வருஷமாக ஒரு வாரம் தப்பாமல் எழுதிய பெயரை எடுத்தால் அது எழுதியதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பது இவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் மற்றவன் எதை எழுதாமல் விட்டான் என்று மோப்பம் பிடித்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவர்.

பதறிப்போய்ப் பத்தரைக்கு நார்வேக்காரனை எடுத்துவிட்டு மகன் பெயரைத் திரும்பப் போட்டார். அடப்பாவி மனுஷா, அதையாவது செய்யாமல் இருந்திருக்கலாம். முந்தியதையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். ரீஸுக்கு எதிராகப் பணம் கொட்டியது. பன்னிரண்டு மணிக்குப் பந்தயம் வாங்குகிறவர்கள் ரீஸ் இருந்த ஜோடியையே பலகையிலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்படி ஒரு ஜோடியைத் தூக்கினால் அதன் காரணம் சுற்றின் விசாரணைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. அதுவும் போயிற்று.

புதன்கிழமை மத்தியானம் ரீஸின் போன் லோர்னாவுக்கு வந்தது. அவள் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே எல்டன் முகத்தைப் பார்த்தாள், போனை மேசை மேல் வைத்து அவருக்கும் கேட்கிற மாதிரிப் பொத்தானை அழுத்தினாள்.

பயிற்சி செய்துகொண்டிருந்த ரீஸை விசாரணைப் பிரிவுக்காரர்கள் கூப்பிட்டு உட்காரவைத்து, கையைப் பற்றி யாரிடம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று அவன் சாதித்திருக்கலாம். அவனுக்குப் பொய் வராது. அப்பாவிடம் சொன்னேன் என்றிருக்கிறான். விசாரணை முடிகிற வரைக்கும் ஆடக் கூடாது என்று பெயரை எடுத்துவிட்டார்கள். நாளைக்குக் காலை எட்டே காலுக்கு அவன் முதல் பந்து அடிக்க வேண்டியது.

எல்டன் போனுக்கு அருகில் குனிந்து, நான் சொல்லலைடா, ஒரு வார்த்தைகூட எழுதலைடா, பேரை எடுத்தேன், அவ்வளவுதான் என்றார். வெர்னா, ஜன்னல் என்று ஏதேதோ உளறினார்.

"ஆறு வருஷமா உங்ககிட்ட வாயே தொறந்ததில்லப்பா" என்றான் ரீஸ். கத்தவில்லை. "அன்னிக்குப் பயமா இருந்துச்சு. நான் எங்கப்பாவுக்குன்னு நெனச்சுத்தான் போன் பண்ணேன்."

லோர்னா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்டன் அந்தக் காற்று விவரத் தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். பெற்ற பிள்ளையின் தலையில் கல்லைப் போட்டவன் வேறு என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை எட்டே காலுக்கு வேறு ஒருவன் அந்தப் பந்தை அடித்தான். ஞாயிற்றுக்கிழமை ரீஸ் நூற்று ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியிருந்தான்.

அன்று சாயங்காலம் வெர்னா ஒரு பீச் பழ அடையோடு வந்தாள். இணையப் பேச்செல்லாம் அவள் காதுக்கு எட்டவில்லை. பையனுக்கு என்னமோ உடம்பு என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டுப் பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டே சொன்னாள்.

"ஏம்ப்பா எல்டன், உனக்கும் வயசாச்சு. செவ்வாய்க்கிழமை பட்டியல்ல நம்ம பையன் பேரையே போட மறந்துட்டே பாரு. பத்து மணிக்குப் பார்த்தேன். சரி, நீ ஏதோ நெனப்புல விட்டிருப்பேன்னு நானே அவனைப் போட்டுக்கிட்டேன். ஜோடியிலயும் கட்டிட்டேன்."

காசு என்னாச்சு என்று எல்டன் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"அவன்தான் முதல் பந்தே அடிக்கலையே. அப்படின்னா பந்தயமே செல்லாதாமே. ஒரு சென்ட் குறையாம திருப்பிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு ஜன்னல்காரன் வர்றான்."

ரீஸுக்கு இரண்டு வருஷத் தடை. கீறல் விட்ட எலும்பை அறுத்து எடுத்தார்கள், கை தேறிவிட்டது. ஆனால் தடை முடிந்தபோது வயது முப்பத்துமூன்று, தங்கள் மட்டையை எடுத்து ஆடச் சொல்லிப் பணம் கொடுக்க ஒரு நிறுவனமும் இல்லை, அவன் திரும்ப ஆடப் போகவும் இல்லை. இப்போது டெக்ஸஸில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். எல்டனின் பக்கத்தைப் படிக்கிறவர்கள் அந்த ஒரே வாரத்தில் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் ஆனார்கள், உள்விஷயம் தெரிந்த ஆள் என்று. அதற்கப்புறம் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து பார்த்து, இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ரீஸ் அம்மாவுக்குப் போன் செய்வான். பேசி முடித்ததும் லோர்னா போனை இவரிடம் நீட்டுவாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

எப்படிடா இருக்கே என்று கேட்பார்.

"நல்லா இருக்கேன்ப்பா" என்பான் ரீஸ்.