கண் திறந்த ஜெபம்

அந்தக் குழாய் வேலைக்காரருக்குச் சபையில் 'நீளஜெபம்' என்று பெயர். சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடினால், நோயாளிகள், பிரயாணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆமென் வரும். "ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும், கொஞ்சம் சுருக்குங்க" என்று மனைவி நாற்பது வருஷமாகச் சொல்லி அலுத்துப்போனாள்.

மகன் கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் காது கேட்காது. கைதான் அவள் பேச்சு. மகனைத் தவிர வீட்டில் யாருக்கும் அந்தச் சைகை மொழி தெரியாது. ஜெப நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தே வைத்திருப்பதை ஒருநாள் நீளஜெபம் பார்த்துவிட்டார். அவருடைய கண் எப்படித் திறந்தது என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

"ஜெபத்துல கண்ணை மூடணும்னு அவகிட்ட சொல்லுப்பா" என்றார் மகனிடம். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் மகன் வேலைக்குப் போயிருந்தான். ஆமென் சொல்லிவிட்டு மாமனாரும் மாமியாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். பாதித் தட்டு காலியான பிறகுதான் நிமிர்ந்தார்கள். எதிரே மருமகள் கையைக் கோத்து, கண்ணை இறுக மூடி, அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெபம் முடிந்ததை அவளுக்கு யார் சொல்வது? அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை நாளும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியார் தோளைத் தொட்டதும் அவள் விழித்து, இரண்டு தட்டுகளையும் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து ஜெபம் முடிந்த பிறகே மேசைக்கு வந்தாள்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய், வீட்டுப் பிள்ளையை மேசையை விட்டே தள்ளிவிட்டதே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினார்: "எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடும்மா." சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதை அவர் அறுபத்திரண்டு வயதில் மருமகளிடம் கேட்டார்.

சமையலறையில் பாடம் நடந்தது. ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் லேசில் வளைந்து கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் பதினொரு சொற்கள் தேறின. "ஞானஸ்நானம் வாங்கி அம்பது வருஷமாச்சு, இப்பத்தான் ஒண்ணாங் கிளாஸ்" என்று சபையில் அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எல்லாரும் வீட்டிலிருந்த ஒரு மதியம் மருமகளையும் ஜெபத்துக்கு முன்பே உட்காரவைத்தார். "இன்னைக்கு யாரும் கண்ணை மூடாதீங்க" என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கினார். ஆண்டவரே, வீடு, சாப்பாடு, நன்றி. மருமகளின் தோள் குலுங்கியது.

"அப்பா, நன்றின்னு வரல. ஆண்டவருக்குப் பசிக்குதுன்னு சொல்லிட்டீங்க" என்றான் மகன்.

"அவருக்கும் பசிக்குதா? அப்ப சீக்கிரம் முடிங்க" என்றாள் மனைவி.

மருமகள் எழுந்து வந்து அவர் விரல்களைப் பிடித்துத் திருத்தினாள். இந்த முறை நன்றி சரியாக வந்தது. அவர் கையை இறக்கப் போனபோது அவள் கைகள் எழுந்தன. அவள் ஜெபிப்பதை அந்த மேசை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது. வேகத்தில் அவருக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: அப்பா, நன்றி.

மேலே இருக்கிற அப்பாவைச் சொன்னாளா, எதிரே இருக்கிற தன்னையா? கேட்க ஆசையாக இருந்தது. 'எந்த' என்பதை அவர் கை இன்னும் படித்திருக்கவில்லை. நிறைந்த கண்ணை மூடாமலே, இரண்டு அப்பாக்கள் சார்பிலும் கையால் ஆமென் சொன்னார்.