மேலாளர் மூலம்

தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் மாலை வகுப்பு நடந்தது. ஐந்து கணினிகள். இணையம் வந்தது ஒன்றில் மட்டும், அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக. திங்கள், புதன், வெள்ளி ஐந்து மணிக்கு ஆங்கிலம், ஆறு மணிக்கு அரை மணி நேரம் கணினி. வகுப்பு முடிந்ததும் இணையக் கணினியில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். இது 2005ஆம் ஆண்டு. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பகலில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன்.

அந்த அறையின் ஜன்னல் சரியாகச் சாத்தாது. ஆறு மணிக்குப் பிறகு பனிமூட்டம் உள்ளே வந்து மேசைகளுக்கு நடுவே நிற்கும். திரையில் ஒரு பக்கம் திறக்க மூன்று நிமிடம் ஆகும். ஆழத்தில் கிடந்த ஒன்று தண்ணீர் மட்டத்துக்கு மெல்ல வருவதுபோல வரிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அந்த மூன்று நிமிடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு மறந்துபோகும். இதை நாட்குறிப்பில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். நான்கும் வேறு வேறு மாதிரி இருக்கின்றன. எது சரி என்று தெரியவில்லை.

என்னை இணையத்துக்குள் கூட்டிப்போனவர் கஜதீபன். என் வகுப்புத் தோழர். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர். தலவாக்கலையில் பெரிய பள்ளிக்கூடத்து விடுதியில் இருந்தார்கள். கணினியில் இசை கோக்கும் மென்பொருள் ஒன்றை ஒரு சீடியில் போட்டு அவர்தான் தந்தார். உலகமெங்கும் மின்னிசை செய்கிறவர்கள் கூடும் ஒரு மன்றத்தின் முகவரியையும் தந்தார். அங்கே யாருக்கும் முகம் இல்லை. பாட்டைப் போடுவார்கள், கேட்பார்கள், கருத்து எழுதுவார்கள். பெயர்களும் பெயர்கள் மாதிரி இல்லை. மன்றத்தை நடத்தியவரின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆறாம் தெரு'. அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு நகரத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர். இந்த வகை இசையே தங்கள் ஊர்ப் பையன்கள் கண்டுபிடித்ததுதான் என்று அவர் ஓரிடத்தில் எழுதியிருந்தார்.

எங்கள் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சித்தப்பா மூக்கன் வேலை செய்தார். மேல் மாடியில் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து காற்றடித்து வாட்டுவார்கள். அந்தக் காற்றாடிகளின் இரைச்சலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கெசட் ரேடியோவில் பதிந்துகொண்டு வந்தேன். கொழுந்து அரைக்கும் இயந்திரத்தின் அடியையும் பதிந்தேன். நாடாவைக் கணினிக்குள் ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, ஏழு வாரம் கோத்தேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி வந்தது.

கஜதீபன் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டார். கண்ணை மூடியபடியே, "இது எங்கட பருத்தித்துறைக் கடல் மாதிரி இருக்கு" என்றார்.

"நான் கடலைப் பாத்ததில்லைங்க."

"பாக்காமலே செய்திட்டீர்" என்று சிரித்தார்.

அதை மன்றத்துக்கு ஏற்ற இரண்டு நாட்கள் ஆயின. முதல் நாள் பாதியில் கம்பி அறுந்தது. இரண்டாம் நாள் கஜதீபன் தன் பதினைந்து நிமிடத்தையும் எனக்குத் தந்தார்.

புதிதாகச் சேர்கிறவர்கள் தங்களைப் பற்றி எழுத வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அந்த வாரம்தான் ஆங்கில வகுப்பில் அலுவலகக் கடிதம் சொல்லித்தந்திருந்தார்கள். வலது மூலையில் முகவரி, அதன் கீழே தேதி, பிறகு 'மதிப்புக்குரிய ஐயா' என்று ஆறு படிகள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். ஆறு படியையும் பிழையில்லாமல் செய்தேன். முகவரியில் இப்படி எழுதினேன்: பூரணி, தோட்ட மேலாளர் மூலம், மேல் டிவிசன், லிந்துலை. மேல் டிவிசன் எங்கள் தோட்டத்தின் ஒரு பிரிவு. லயத்துக் காம்பராக்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, எங்கள் பக்கம் முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. அடையாள அட்டை விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதினோம். அதில் பார்க்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். ஆறு பேர் பாட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவர், மழைக்குள் ஒரு ரயில் தூங்குவதுபோல இருக்கிறது என்றார். 'ஆறாம் தெரு' இரண்டாம் நிமிடத்தில் வரும் அடியை எப்படிச் செய்தேன் என்று கேட்டிருந்தார். பக்கம் இன்னும் கீழே திறந்துகொண்டிருந்தது. ஏழாவதாக ஒருவர் எழுதியது இது:

"மேலாளர் மூலம் என்றால் என்ன? இவளுக்கு எஜமான் இருக்கிறாரா? சத்தம் போட அவரிடம் அனுமதி வாங்கினாளா? கூலிகள் இலை பறிக்கட்டும். இயந்திர இசையை இயந்திரங்களைச் செய்த இனத்துக்கு விட்டுவிடுங்கள்."

அதற்குக் கீழே பதினொரு பேர் சிரித்திருந்தார்கள். மழையையும் ரயிலையும் சொன்னவரும் அதில் ஒருவர்.

பனி என் முழங்கை வரை வந்திருந்தது. என் நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எழுந்தேன். படியில் இறங்கும்போது, தவறு என்னுடையதுதானோ என்று நினைத்தேன். முகவரி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லையே.

வெள்ளிக்கிழமை கஜதீபன் படியடியில் எனக்காகக் காத்திருந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"போய்ப் பாரும். நல்லாக் குடுத்திருக்கிறன். இப்ப ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அன்று பக்கம் திறக்க இன்னும் அதிக நேரம் எடுத்தது. அவர் தன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தார்: "பூரணியைக் கூலி என்றது பெரிய தவறு. அவர் கூலி இல்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் குடும்பத்துப் பெண், என் உறவுக்காரி. அந்த முகவரி வகுப்பில் பயிற்சிக்காக எழுதியது. இலங்கைத் தமிழரையும் தோட்டத் தொழிலாளரையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ள வேண்டாம்."

அதற்குக் கீழே மன்னிப்புகள். எங்களுக்குத் தெரியாது, ஒரு ஆசிரியர் குடும்பத்துப் பெண்ணை இப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னியுங்கள். எட்டு மன்னிப்புகள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. எல்லாம் இல்லாத ஒருத்திக்குப் போய்க்கொண்டிருந்தன.

'ஆறாம் தெரு' எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். மன்றத்தின் இருபது பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வருகிறது. என்னுடையது ஒன்பதாவது. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் செய்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். "உங்களைப் பற்றி இங்கே இரண்டு கதைகள் இருக்கின்றன. திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே போடுவேன்."

சனிக்கிழமை முழுவதும் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டியபடி யோசித்தேன். கஜதீபன் சொன்னதை அப்படியே விட்டுவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பாட்டும் வெளிவரும். உண்மையைச் சொன்னால் பதினொரு பேரும் திரும்ப வருவார்கள், கஜதீபன் பொய்யராவார். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைய இருந்தது. மறுபக்கம் ஒரே ஒரு வரி: அது நான் இல்லை. அந்த ஒரு வரி கனத்தது.

ஞாயிறு காலை அம்மா வாசலில் உட்கார்ந்து படங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். மழையில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுவது.

"அம்மா, நம்ம அட்ரஸ் என்ன?"

"நமக்கு என்னடி அட்ரஸு? ஆபீசுக்கு வரும். ஒங்கண்ணன் கொழும்பிலேர்ந்து போட்ட காயிதம் மூணு மாசம் அங்க மேசையிலேயே கெடந்துச்சே." ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏன், எவனாச்சும் கேட்டானா?"

"ஒரு பாட்டுல போடணுமாம்."

"பாட்டுலயா? அப்ப மேல் டிவிசன்னு போடு. கீழ் டிவிசன்காரங்க நாங்கதான்னு சொல்லிக்குவாங்க."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே பனி விலகி ஒரு மலை தெரிந்தது, பிறகு அது இல்லாமல் போயிற்று. அம்மாவின் கைகளை அன்று வெகு நேரம் பார்த்தேன். விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

திங்கட்கிழமை ஆறரைக்கு இணையக் கணினி என்னுடையது. கஜதீபன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அடுத்த முறை அவருடையது.

"என்ன, பேசாமல் இருக்கிறீர்? கோவமே?"

"நீங்க என்னைக் காப்பாத்தலைங்க. என்னைத் தூக்கிட்டு, அந்த எடத்துல வேற ஒருத்தியக் கொண்டாந்து வச்சிட்டீங்க."

"நான் உமக்காகத்தானே செய்தனான். கூலி எண்டு சொன்னவனுக்கு வேற என்ன சொல்லுறது?"

"அப்படிச் சொல்லாதேன்னு சொல்லியிருக்கலாம். பூரணி கூலி இல்லைன்னு சொன்னா, எங்கம்மாவ அப்படிக் கூப்பிடலாம்னு ஆகிருது இல்லையா?"

நான் பேசியது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. என் குரல் எனக்கே எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. இரண்டு முறை தனக்குரிய நேரத்தைத் தந்த மனிதர்.

"ரெண்டு முறை இல்லை, ஒரு முறைதான்" என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். அந்த நேரத்திலும்.

பிறகு மன்றத்தில் எல்லோரும் பார்க்கும்படியே தட்டினேன். ஆறு படிகள் எதுவும் இல்லை.

"நான் பூரணி. மேல் டிவிசன் லயத்தில் இருக்கிறேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் அவருடைய தோழிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டில் இருப்பது எங்கள் தொழிற்சாலை. கஜதீபன் என் உறவினர் இல்லை, என்னுடன் படிப்பவர், எனக்கு நல்லது செய்ய நினைத்துப் பொய் சொன்னார். நீங்கள் கேட்ட மன்னிப்புகள் எனக்குரியவை அல்ல. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டைத் தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் 'பூரணி, மேல் டிவிசன், லிந்துலை' என்று போடுங்கள். வேறு ஊர் போடுவதாக இருந்தால் சேர்க்க வேண்டாம்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அறை முழுவதும் வெண்மையாகிவிட்டது. மற்ற கணினிகளின் வெளிச்சம் மட்டும் நான்கு சதுரங்களாக மிதந்தது. என் பதினைந்து நிமிடத்தில் இன்னும் நான்கு மீதி இருந்தன. பக்கத்தை மறுபடி திறந்தேன்.

மேலே, அந்த ஏழாவது ஆள்: "நான் முதலிலேயே சொன்னேனே." அதற்குக் கீழே இரண்டு சிரிப்புகள். பதினொன்று இல்லை, இரண்டு. நின்று பார்த்தால் இன்னும் வரலாம்.

அதன் கீழே 'ஆறாம் தெரு': "ஒன்பதாவது பாட்டு. பூரணி, மேல் டிவிசன், லிந்துலை. எழுத்துகள் சரியா என்று பாருங்கள். என் அப்பா பிறந்த பருத்திப் பண்ணையிலும் கடிதங்கள் முதலாளி வீட்டுக்குத்தான் வரும். அப்படி எழுதியவரும் சிரித்த இருவரும் இந்த மன்றத்தில் இனி எழுத முடியாது. அந்த அடியை எப்படிச் செய்தீர்கள் என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை."

எழுத்துகள் சரியாக இருந்தன. மூன்று முறை பார்த்தேன்.

கஜதீபனும் படித்துவிட்டார். பிறகு மெதுவாக, "நான் எழுதினதை அழிச்சு விடட்டே?" என்று கேட்டார்.

"வேணாங்க. அது இருக்கட்டும்."

"வெக்கமா இருக்குது."

"அதை அழிச்சிட்டா நான் எதுக்குப் பதில் எழுதுனேன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாமப் போயிரும். ரெண்டும் இருக்கட்டும், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா."

என் நேரம் முடிந்தது. எழுந்தேன். அவர் அந்த நாற்காலிக்கு மாறி, விரல்களை எழுத்துகளின் மேல் வைத்து, அழுத்தாமல் இருந்தார்.

"பூரணி, உம்மட அம்மாவின்ட பேர் என்ன?"

ஒன்றரை வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் படித்திருக்கிறோம். அவர் அதைக் கேட்டது அன்றுதான். சொன்னேன். அவர் அதே பக்கத்தில் தட்டத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று பார்க்க நான் நிற்கவில்லை. ஏழு மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனேன்.