சட்டைப்பையில் ஒரு ‘ஏங்க’

ஒரு சர்க்யூட் போர்டில் எதை வேண்டுமானாலும் திணித்துவிடலாம். ஒரு மூலையைச் சும்மா விட்டுவைப்பதுதான் கஷ்டம். ஸ்ரீவித்யாவைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள். மன்னார்புரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. சிப் எங்கே உட்கார வேண்டும், செம்புக் கோடு எந்த வழியாக ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு. போர்டு சின்னதாக இருக்கணும், இன்னும் சின்னதாக இருக்கணும், ஆனால் வைஃபை வீடு பூராவும் எட்டணும். வைஃபை ஆன்டெனாவோ சம்பந்தி வீட்டுப் பெரியவர் மாதிரி. ஓரத்தில் தனியாக உட்காரும். பக்கத்திலும் அடியிலும் வேறு செம்பு வரக் கூடாது. “ஏம்மா, இவ்வளவு இடம் தண்டமாக் கெடக்கே, இதுல ஒரு பட்டன் வெச்சா என்ன?” என்று கேட்காத வாடிக்கையாளர் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

இந்த முறை வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. சம்பளத்துக்கு வரைகிற வேலையை முடித்துவிட்டு, தனக்காகவே ஒரு போர்டு வரைந்துகொண்டிருந்தாள். தீப்பெட்டி அளவுதான்.

“யாருக்குக்கா இது?” என்று கேட்டான் பக்கத்து மேஜை ஆசீர். வரைந்து வரும் போர்டுகளை மெஷினில் வைத்து அளந்து பார்ப்பது அவன் வேலை.

“எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறதுக்கு.”

“ஏன், உங்களுக்கு வாயில்லையா?” என்று சிரித்தவன், அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், அவனுக்கும் விஷயம் தெரியும். வாய் முந்திக்கொண்டது.

ஸ்ரீவித்யாவின் கணவர் ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து, உயிரை மட்டும் விட்டுவைத்து, இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு போனது. எந்த மெஷின் மாட்டினாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை நிலைத்தது. சின்னப் பேச்சுகளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பெரிய பேச்சுக்கு வாட்ஸ்அப்.

காய்ச்சலுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. சமையலறையிலிருந்து அவள் “ஏங்க!” என்பாள். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் “இந்தா வந்துட்டேன்!” என்று குரல் வந்துவிடும். குரல்தான் வரும், ஆள் வரமாட்டார். தோசை ஆறி வறட்டியாகும் வரைக்கும் வரமாட்டார். அதற்காக எத்தனை சண்டை! இப்போது சண்டை போடவும் வழியில்லை. கூப்பிட்டால் கேட்காது என்றான பிறகு யார் கூப்பிடுவார்கள்? போய்த் தோளைத் தொட வேண்டியதுதான். கூப்பிடுவார் இல்லாததால் அந்த ‘இந்தா வந்துட்டேன்’ வீட்டைவிட்டே போய்விட்டது.

அதற்கும் அவள் பழகிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமில் வழுக்கி விழுந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தபோதுதான் அவளைப் பார்த்தார்.

கால் சரியாகிவிட்டது. அவர் மனசு சரியாகவில்லை. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றினார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவள் எங்கே போனாலும் பின்னால் வந்து வாசற்படியில் நின்றார். சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய், வெயில் குடித்த தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வது அவருடைய வழக்கம். “வானத்தைப் பாக்கறதுக்குக் காது எதுக்கு, வித்யா?” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து அவள் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான். அவள் விழுந்த நாளிலிருந்து அவர் மாடிப்படியில் கால் வைக்கவில்லை.

புருஷன் கூடவே இருக்க வேண்டும் என்று எத்தனை பேர் கோயிலில் வேண்டிக்கொள்கிறார்கள். ஸ்ரீவித்யாவுக்கோ இவரை எப்படியாவது மாடிக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பு. அதற்குத்தான் அந்தப் போர்டு. அவர் சட்டைப்பையில் அது கிடக்கும். சமையலறையிலும் பாத்ரூமிலும் அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பட்டன். லேசாகத் தட்டினால் போர்டு ஒரு குட்டை அதிர்வு, ஒரு நீள அதிர்வு கொடுக்கும். அது ‘ஏங்க.’ பட்டனை அமுக்கியபடியே இருந்தால் நிறுத்தாமல் அதிரும். அது ‘விழுந்துட்டேன், ஓடி வாங்க.’

ஆன்டெனாக் கோடு அவளுக்குக் கனவில்தான் பிடிபட்டது. வேலை முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்குப் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், காவிரிப் பாலத்துக் காற்றில் கண் தானாக மூடிக்கொள்ளும். அன்றைக்கு மூடின கண்ணுக்குள் செம்புக் கோடு தெருவாக விரிந்தது. கோயிலைச் சுற்றும் சித்திரை வீதி முழுக்கச் செம்பு. அந்திவெயில் பட்டுத் தரை மின்னுகிறது, ஆள் நடமாட்டமே இல்லை. அவள் வெறுங்காலோடு நடக்கிறாள். வீதி மடங்குகிறது, உத்திர வீதியாகிறது, மறுபடியும் மடங்குகிறது. கால் வலிக்கவில்லை. கடைசித் திருப்பத்தில் தெரு ஒரு மொட்டைமாடியாக முடிகிறது. சுற்றிலும் ஒன்றுமில்லை, வெறும் ஆகாயம். நடுவில் அவர் படுத்திருக்கிறார். இவள் வாயைத் திறக்கவில்லை, மனசுக்குள் “ஏங்க” என்றதும் திரும்பிப் பார்க்கிறார்.

“அம்மா, ராஜகோபுரம் வந்துருச்சு, எறங்கலியா?” என்று கண்டக்டர் எழுப்பினார்.

மறுநாள் அப்படியே வரைந்தாள். நீளக் கோட்டை மடக்கி மடக்கி, முனையில் வெற்றிடம் விட்டு. போர்டு தயாராகி வந்து மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது ஆன்டெனா அற்புதமாகப் பேசியது. ரெங்கராஜின் சட்டைப்பையில் போட்டதும் ஊமையாகிவிட்டது. மனுஷ உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர்; வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும். அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் ஒரு நப்பாசை. திருப்பி வைத்தாள், கோட்டை மாற்றினாள், இன்னொரு போர்டு போட்டாள். ஹால்வரை எட்டியது. மாடிக்கு எட்டவில்லை.

தன் சட்டைப்பையில் இவள் எதையோ போட்டுப் போட்டு எடுப்பதை ரெங்கராஜ் எத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்? “என்ன இது?” என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள். அவர் ரொம்ப நேரம் படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போர்டை எடுத்து, நாலு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு டப்பாவை அவள் கையில் வைத்தார். அலுமினியம். பை கிழியாமல் இருக்க மூலைகளை உருட்டியிருந்தார். மூடி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு மூடியது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் போர்டை உள்ளே வைத்து, பையில் போட்டுக்கொண்டு, “இனிமே எனக்கென்ன கவலை!” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எத்தனை மாசத்துக்கப்புறம்!

ஸ்ரீவித்யா படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். காலம்பூராவும் இரும்போடு பழகினவர், ஒன்றைப் பத்திரமாக வைப்பது என்றால் உலோகத்துக்குள்தானே வைப்பார்? ஆனால் நாலாபுறமும் மூடிய உலோகத்துக்குள் எந்த அலையும் போகாது, வராது. சமையலறைப் பட்டனைக் கழற்றி எடுத்துவந்து தட்டினாள். அமுக்கியபடியே நின்றாள். மேலே ஒரு சலனமும் இல்லை.

மனுஷன் சந்தோஷமாகப் படுத்திருக்கிறார், விட்டுவிடேன் என்று ஒரு மனசு சொன்னது. நாளைக்கு நீ விழுந்தால், அதற்குப் பிறகு அவர் பிழைப்பாரா என்று இன்னொரு மனசு கேட்டது. அவள் மேலே ஏறினாள். அவர் ஒரு கையைச் சட்டைப்பையின்மேல் வைத்தபடி, கொள்ளிடம் பக்கம் போகும் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த பட்டனை அவர் கண்ணெதிரே அமுக்கினாள். டப்பா சும்மா இருந்தது.

“நான் செஞ்ச டப்பாதான் கெடுக்குதா?”

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. இறங்கிப் போய், பழையபடி சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டார். அன்றைக்கு அவள் வைத்த ரசம் அவளுக்கே இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கரண்ட் இல்லை. கதவைச் சாத்திப் படுத்திருந்தவளுக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மறுபடியும் அதே செம்புத் தெரு. ஆனால் இருட்டு. இரண்டு பக்கமும் பளபளவென்று அலுமினியச் சுவர், மேலேயும் மூடிக்கிடக்கிறது. “ஏங்க” என்று கூப்பிடுகிறாள், குரல் அவளிடமே திரும்பி வருகிறது. சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறாள். ஓரிடத்தில் விரலில் காற்று படுகிறது. நூல்போல ஒரு கீறல். அதன் வழியாக அத்தனை ஆகாயமும் உள்ளே வருகிறது.

கண்ணைத் திறந்தால், சாத்திய கதவின் அடியிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு தரையில் நீண்டு அவள் கால்வரை வந்திருந்தது.

“அட மண்டு!” என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள். காலேஜில் படித்ததுதான். காற்றுக்கு நடுவில் ஒரு செம்புக் கோடு ஆன்டெனா என்றால், உலோகத்துக்கு நடுவில் ஒரு காற்றுக் கோடும் ஆன்டெனாதான். டப்பாவின் முன்பக்கத்தில் சரியான நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு, போர்டிலிருந்து ஒரு சின்ன ஒயரை அதன் குறுக்கே இணைத்துவிட்டால் டப்பாவே பேசும். அதன் பின்சுவர் அவர் நெஞ்சுக்கும் அலைக்கும் நடுவே தடுப்பாக நிற்கும். உடம்பு அலையைக் குடிக்க முடியாது. எந்தச் சுவர் கெடுத்தது என்று நினைத்தாளோ அந்தச் சுவர்தான் இத்தனை நாளும் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“இதுல கீறணுமா?” என்று கேட்டபோது ரெங்கராஜின் முகம், குழந்தையைக் காது குத்தக் கொடுக்கிற அப்பன் முகமாக இருந்தது.

சனிக்கிழமை ஆசீர் கம்பெனியில் கேட்டு அளக்கும் மெஷினை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தான். திரையில் ஒரு கோடு ஓடும். அது எங்கே பள்ளமாக விழுகிறதோ, அதுதான் டப்பா பேசும் இடம். வைஃபையின் அலைவரிசை இருக்குமிடத்தில் பள்ளம் விழ வேண்டும். வேண்டியதைவிடக் குறைவாகவே கீறச் சொன்னாள் ஸ்ரீவித்யா. குறைவாக இருந்தால் அராவி நீட்டிக்கொள்ளலாம். நீண்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் மெல்லிய ரம்பத்தால் கீறினார். பிறகு சின்ன அரத்தை எடுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் திரையில் பள்ளம் கொஞ்சம் நகர்ந்தது. அது எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அதற்கப்புறம் அவர் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இழுப்பு, பார்வை, இழுப்பு, பார்வை.

“போதும் மாமா, போதும்!” என்று ஆசீர் கத்தினான். அவருக்கெங்கே கேட்கும்? ஸ்ரீவித்யா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

போர்டை இணைத்து மூடினார்கள். கீறல் வெளியே பார்க்கும்படி அவளே அதை அவர் சட்டைப்பையில் வைத்தாள். “போங்க” என்று மாடியைக் காட்டினாள். அவர் தயங்கித் தயங்கி, திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினார்.

அவள் பாத்ரூமுக்குப் போனாள். விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டு பட்டனை லேசாகத் தட்டினாள். ஒருமுறைதான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்தார்கள். போச்சு, இதுவும் போச்சு என்று அவள் சுவரில் சாய்ந்தபோது, மேலேயிருந்து வந்தது. தன் குரல் தனக்கே கேட்காத மனுஷன், அளவு தெரியாமல், தெருவே திரும்பிப் பார்க்கும்படி போட்ட குரல்.

“இந்தா வந்துட்டேன்!”

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஹாலில் ஆசீர் கை தட்டினான். ஸ்ரீவித்யா ஈரத்தரை என்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

முகம் கழுவிவிட்டு வந்து காபி போட்டாள். டம்ளரோடு படிக்கட்டின் கீழே நின்றாள். ஆசீர் தன் காபியைக் குடித்து முடித்தான். மெஷினைக் கட்டிப் பைக்குள் வைத்தான். அவள் கையிலிருந்த காபியில் ஆடை படிந்தது.

“பாத்தியாடா ஆசீர்” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “குரல்தான் வரும், ஆள் வரமாட்டார். இந்த மனுஷன் திருந்தவே மாட்டார்.”