மோதிரம் தட்டிய மூன்று

எத்தனையோ கிளப்புகளில் கித்தார் வாசித்தவன் ஆர்லிஸ். ஆனால் வயதான பிறகு அவன் நினைப்பு திரும்பத் திரும்பப் போய் நின்றது ஹூஸ்டனில், டுபோஸின் கிளப்பில், ஒரு திங்கட்கிழமை மத்தியானத்தில்.

திங்கட்கிழமை முடிதிருத்துபவர்களுக்கும் சமையல்காரிகளுக்கும் விடுமுறை. வாரம் முழுக்க அடுத்தவர் தலையையும் அடுப்பையும் பார்த்தவர்கள் அன்று சலவைச் சட்டையோடு வந்து மேஜைகளை நிறைத்துவிடுவார்கள். அவர்கள் காதை ஏமாற்ற முடியாது.

ஆர்லிஸ் ஏமாற்றிக்கொண்டிருந்தது அவர்கள் கண்ணை. கோடையிலிருந்தே அவனுக்குப் பார்வை மங்கி வந்தது. முகங்கள் நிழலாயின, நிழல்களும் கலங்கின. யாரிடமும் சொல்லவில்லை. கண் போன கித்தார்க்காரனுக்கு அந்த ஊரில் ஓர் இடம்தான் உண்டு: தெருமுனை, காலடியில் தகரக் குவளை. அப்படி இரண்டு பேரை அவனுக்குத் தெரியும். அவர்களைக் கடக்கும்போது நடையை வேகப்படுத்துவான்.

சிக்கல் சுருதியில்தான் இருந்தது. பேண்டுத் தலைவர் ப்ரூயிட் பாட்டுக்குப் பாட்டு சுருதியை வாயால் சொல்ல மாட்டார். சொல்வது கத்துக்குட்டிகளின் பழக்கம். சாக்ஸபோனில் மோதிரத்தால் எண்ணிக்கையைத் தட்டுவார். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை மேலேயோ கீழேயோ காட்டுவார். மூன்று தட்டி விரல் கீழே பார்த்தால் ஈ ஃப்ளாட் என்ற சுருதி. மேலே பார்த்தால் ஏ. இரண்டுக்கும் ஜென்மப் பகை. மாற்றிப் பிடித்தால் பாட்டு கல்லில் மோதிய வண்டிதான்.

தட்டுவது ஆர்லிஸுக்குக் கேட்கும். விரல் தெரியாது. டிரம்ஸ் வாசிக்கும் சைலஸ் மட்டும் விஷயம் அறிந்தவன். விரல் மேலே பார்த்தால் டிரம்மின் விளிம்பை லேசாக ஒரு தடவை தட்டிவிடுவான்.

அன்று சைலஸ் வரவில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கி முகம் வீங்கிப் படுத்திருந்தான். அவன் இடத்தில் கால்வெஸ்டனிலிருந்து யாரோ ஒருவன்.

போதாக்குறைக்கு, பாட வந்திருந்த வெர்னெல் ஊருக்குப் புதியவள். அவள் குரல் எந்தச் சுருதியில் உட்காரும் என்று ஊகிக்கவும் வழியில்லை. அவளுடைய முதல் பாட்டைத் தொடங்க வேண்டியது கித்தார், தனியாக.

டிக். டிக். டிக்.

ஆர்லிஸ் கண்ணை இடுக்கினான். ப்ரூயிட்டின் வெள்ளைக் கோட்டு பால் சிந்தியதுபோல் தெரிந்தது. அவ்வளவுதான். கேட்கலாமா? கேட்டால் அந்த நிமிடமே அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ப்ரூயிட் காலால் தாளம் எண்ணத் தொடங்கிவிட்டார்.

இடது கையால் கம்பிகளை அழுத்தாமல் பொத்திப் பிடித்தான். வலது கையால் விளாசினான். சுரமே இல்லை, சரக் சரக் என்று தாளம் மட்டும், தரையைத் துடைப்பத்தால் தேய்ப்பதுபோல. அவள் முதலில் பாடட்டும். பாடினால் பிடித்துக்கொள்ளலாம்.

அவள் பாடவில்லை. கித்தார் சுருதி காட்டும் என்று அவளும் காத்திருந்தாள். பேஸ் வாசிப்பவன் கையைக் கட்டிக்கொண்டான். ப்ரூயிட்டின் தலை மெல்லத் திரும்புவதை ஆர்லிஸ் உணர்ந்தான்.

முன் மேஜையிலிருந்து ஒரு முடிதிருத்துபவர் கேட்டார்: "ஏம்பா, பல்லு புடுங்குனது சைலஸுக்கா, ஒன் கித்தாருக்கா?"

கூடம் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தி தாளத்துக்குக் கைதட்டினாள். பக்கத்து மேஜையும் சேர்ந்துகொண்டது. ஆர்லிஸ் நிறுத்தவில்லை. மணிக்கட்டு எரிந்தது. இன்னும் ஒரு சுற்று தாண்டினால் ப்ரூயிட் நிறுத்திவிடுவார்.

அப்போது வெர்னெல், கைதட்டலின் மேலேயே, துணையில்லாமல் முதல் வரியை எடுத்தாள். ஈ ஃப்ளாட். ஆர்லிஸின் விரல்கள் விழுந்த இடம் சரியாக இருந்தது. பேண்டு முழுதும் பின்னால் பாய்ந்து வந்தது. கூடம் எழுந்துகொண்டது.

இடைவேளையில் அவன் சமையலறைக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தான். கதவு திறந்தது. பொரித்த மீன் வாசம் முதலில் வந்தது, ப்ரூயிட் அடுத்து.

"ஆர்லிஸ், இப்ப எத்தனை விரல் காட்டுறேன்?"

ஆர்லிஸ் காதைத் தீட்டிக்கொண்டான். "விரலே காட்டலண்ணே. ஒரு கையில மீன் தட்டு. இன்னொரு கை பாக்கெட்டுல, கார் சாவி குலுங்குது."

"அது காது சொன்னது. நான் கண்ணக் கேட்டேன்."

"கண்ணு போயிட்டுதுண்ணே. கோடையிலேர்ந்து."

ப்ரூயிட் மீனைத் தின்றுகொண்டே நின்றார். முள்ளைத் துப்பினார். சைலஸுக்குத் தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றான். எல்லாருமாகச் சேர்ந்து தன்னை மடையனாக்கிவிட்டதாக முனகினார்.

"என்னண்ணே செய்யப்போறீங்க?"

"ஆட்டம் பாதி இருக்கு. உள்ள வா."

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலேயே மேடையேறினான். இந்தப் பாதியோடு முடிந்ததா? நாளைக்கு வேறொருவன் இந்த நாற்காலியில் உட்காருவானா? கித்தார் பட்டையைத் தோளில் மாட்டும்போது கொக்கி இரண்டு தடவை நழுவியது.

டிக். டிக். டிக்.

பழைய மூன்றேதான். ஆர்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பிகளைப் பொத்தப் போனான். அதற்குள் ப்ரூயிட்டின் கனத்த குதிகால் பலகையில் ஓங்கி இறங்கியது. இத்தனை வருடத்தில் அவர் அப்படி மிதித்ததே இல்லை. அதிர்வு ஆர்லிஸின் செருப்பு வழியே ஏறியது.

கீழே.

ஈ ஃப்ளாட்டை முழுக்கையால் அழுத்திப் பிடித்து வாசித்தான்.