கஞ்சாக்காரி யாரிடம் போய் அழுவாள்?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். திருவொற்றியூர் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவன் சொன்னான்: "கஞ்சா விக்கிறவன்கிட்ட புடுங்குறதுதான் மாமு ஷோக்கான வேலை. அவன் யார்கிட்ட போய் அழுவான்?" மற்றவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கல்மண்டபம் வந்துவிட்டது, இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய் நார் மாதிரி என்னிடம் தங்கிவிட்டது.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "கடல் சீறிக்கொண்டிருந்தது. அம்புரோஸின் மனமும் அப்படியே—"

பொய். கடல் சும்மாதான் கிடந்தது.

இரண்டாவது: "குற்றத்தின் வேர்களைத் தேடிப் புறப்பட்ட மலர்க்கொடி—"

அடித்துவிட்டேன். வேரைத் தேடுகிறவள் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஏன் வருகிறாள்? நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2

வருஷம் 1972. சாராயக் கடையைச் சர்க்காரே திறந்துவிட்டிருந்த காலம். கஞ்சாவுக்கு அந்த யோகம் அடிக்கவில்லை. அது திருட்டுத்தனமாகத்தான் விற்றது.

மலர்க்கொடி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். கஞ்சா விற்பவர்களிடமே சிலர் ஏன் கொள்ளையடிக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. முதலில் இவளுக்கு ஒரு தடித்த கண்ணாடி போட்டுப் பார்த்தேன். (ஒட்டவில்லை. புளியந்தோப்பில் பிறந்தவளுக்கு ரவுடியை அடையாளம் காணக் கண்ணாடி எதற்கு?)

ஸ்டேஷன் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில், இரண்டாவது டீயை உறிஞ்சிக்கொண்டிருப்பவன் அம்புரோஸ். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கப்பல் வராத நாட்களில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, மீன்வெட்டும் கத்தியோடு, கஞ்சா விற்பவர்கள் வீட்டுக்குள் நுழைகிறவன்.

"இதுக்கெல்லாமா டீச்சரம்மா படிப்பு? ஒருத்தன் வூட்ல ரேடியோவ எட்த்தா போலீஸ் டேசனுக்கு ஓடுவான். கஞ்சாக்காரன் இன்னானு எழ்தி குடுப்பான்? ஐயா, என் கஞ்சாவக் காணோம்னா?"

"போலீசுக்குப் போகமாட்டாங்க, சரி. வேற எங்கயும் போகமாட்டாங்களா?"

"எங்க போவாங்க? எங்கியும் போவ மாட்டாங்க."

அம்புரோஸுக்குத் தன் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கும்தான். அவன் கடைசியாகக் கைவைத்தது காசிமேட்டு ஹில்டாவிடம். காலையில் இட்லி, மத்தியானம் கஞ்சாப் பொட்டலம் என்று வியாபாரம் செய்கிறவள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை, தெருவே கோயிலுக்குச் சிலுவைப்பாதை செபத்துக்குப் போயிருந்தபோது, தனியாக இருந்த ஹில்டாவிடம் கத்தியைக் காட்டி அம்புரோஸ் மூட்டையைத் தூக்கி வந்துவிட்டான். தூக்கி வந்தானே தவிர விற்கவில்லை. தபசு காலத்தில் கஞ்சா விற்பது பாவமாம். திருடுவது? அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. மூட்டை பரண்மேல் ஏறியது.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும், அந்த ஹில்டாவே அம்புரோஸ் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தாள். தாய் தகப்பன் இல்லாமல் அவளிடம் வளர்ந்த அக்காள் மகள் ஆலிஸுக்குத்தான் மாப்பிள்ளை தேடினாள். தீப்பெட்டிக் கம்பெனி வேலை, கோயில் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. அந்த வரிசையைப் பார்ப்பதற்காகவே அம்புரோஸ் பல வருஷமாகப் பூசைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தான். கிடைக்காது என்று மனதை ஆற்றிவைத்திருந்த பெண் வீடு தேடி வருகிறாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

(சினிமா மாதிரி இருக்கிறதா? எனக்கும் சந்தேகம் வந்தது. கொஞ்சம் பொறுங்கள்.)

3

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கோயில் சாமியாரிடம் செய்த பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணப் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, அதாவது நன்மை, வாங்க முடியாது. மாப்பிள்ளை நன்மை வாங்காமல் நின்றால் ஊர் சும்மா விடுமா? கஞ்சாக்காரி யாரிடமும் போய்ச் சொல்லமாட்டாள் என்று கணக்குப் போட்ட கெட்டிக்காரன், தானே போய்ச் சொல்ல வேண்டிவரும் என்பதை மறந்துவிட்டான்.

(ஒரு குறிப்பு: பாவசங்கீர்த்தனக் கூண்டில் பேசியதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. கதாசிரியனுக்கு அந்தச் சட்டம் கிடையாது.)

"எடுத்ததைத் திருப்பிக் குடுத்தாத்தான் பாவமன்னிப்பு" என்றார் சாமியார்.

"குட்த்துர்றேன் சாமி. கஞ்சா மூட்டைதான். பரண்மேலயே கீது."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சாமி?"

"இருப்பா. யோசிக்கிறேன்."

வெளியே வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள். ஒருவழியாகச் சாமியார் பேசினார். "மூட்டையைக் கடல்ல போடு. அந்தம்மாகிட்ட நேராப் போய், நான்தான்னு சொல்லி மன்னிப்புக் கேளு."

"சொன்னா கல்யாணமே நின்னுடும் சாமி!"

"சொல்லாட்டி நான் மன்னிப்புக் குடுக்க முடியாது."

அம்புரோஸ் மூட்டையைக் கடலில் போட்டான். (அன்றைக்கு மீன்களெல்லாம் எப்படி நீந்தின என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.)

4

ஹில்டா வீட்டு வாசலில் அவனை நிறுத்திவிட்டு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஹில்டா விளக்குமாற்றை எடுத்தாள். இன்னொன்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். இரண்டையும் கிழித்துப்போட்டேன். அவள் பாட்டுக்கு இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை... தபசு காலத்துல துண்டு கட்டிகினு வந்தது நான்தான்."

குழவி நிற்கவில்லை. "தெர்யும்."

"தெர்யுமா! எப்டி?"

"மூட்டையத் தூக்கிகினு போறப்போ மாதா படத்தாண்ட நின்னு சிலுவை போட்டியே, எந்தத் திருடன்டா அப்டி பண்ணுவான்? அதுவும் பீச்சாங்கையால. அந்தக் கையில சிலுவை போட்டு இஸ்கூல்ல சிஸ்டர்கிட்ட எத்தினி அடி வாங்கிக்கீறே, ஊருக்கே தெர்யும்."

"தெரிஞ்சுமா பொண்ணு குடுக்குறே?"

"தெரிஞ்சுதான். டேசனுக்குப் போவ முடியுமா நானு? ஆளு வுட்டு அடிச்சா, நாளிக்கு நீ நாலு ஆளோட வருவே. மாப்ள ஆக்கிட்டா? எவன்டா மாமியா வூட்ல கத்தியத் தூக்குவான்? வேற எவன் வந்தாலும் நீயே வாசல்ல நிப்பே."

இந்த இடத்தில் நான் என் மேஜையைத் தட்டிச் சிரித்தேன். எங்கே போவாள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மலர்க்கொடியின் ஆராய்ச்சிக்கு ஒரு முழு அத்தியாயம் தேறும். "முற்றும்" என்று எழுதிக்கொண்டே—

"அப்போ நான் உன் வூட்டுக்குப் பூட்டா சித்தி?"

வேலை முடிந்து வந்த ஆலிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விரலெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறை. குழவி நின்றது.

"உன் நல்லதுக்குந்தான்டி..." என்றாள் ஹில்டா.

"ஆலிஸு, சத்தியமா உன்னைப் புடிச்சித்தான்—"

"நீ பேசாதே."

அம்புரோஸ் வாயை மூடிக்கொண்டான். நானும்தான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. திருடன் பேசினான், கஞ்சாக்காரி பேசினாள், ஆராய்ச்சிக்காரி பேசினாள், சாமியார்கூடப் பேசினார். இதுவரைக்கும் ஆலிஸுக்கு நான் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. வேண்டுமானால் பின்னால் புரட்டிப் பாருங்கள். ஹில்டா அவளை வாசலுக்குப் பூட்டாக்கினாள் என்றால், நான் கதைக்குப் பூட்டாகத்தானே வைத்திருந்தேன்?

5

ஞாயிற்றுக்கிழமை பூசை. மூன்றாவது ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்பது வழக்கம். யாரும் எதுவும் சொன்னதாக அந்தக் கோயிலில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கடைசி பெஞ்சில் மலர்க்கொடி. கல்யாணத்துக்கு வரச்சொல்லி அம்புரோஸ்தான் அழைத்திருந்தான். அவள் ஓலைக்கே வந்துவிட்டாள். பெண்கள் பக்கத்தில் ஹில்டா, முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்தில் அம்புரோஸ். அவன் இப்போது மன்னிப்பு வாங்கிய சுத்தமான ஆள். அந்தச் சுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சாமியார் ஓலையைப் படித்தார். தடை உண்டா என்று கேட்டார்.

பாட்டுக் குழுவில், முதல் வரிசையில், ஆலிஸ் எழுந்து நின்றாள்.

அம்புரோஸின் இடது கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

இங்கே எழுத என்னிடம் மூன்று முடிவு தயாராக இருக்கிறது. வேண்டாம் என்கிறாள்; சம்மதம், ஆனால் சித்தி பொட்டலம் விற்பதை விட வேண்டும் என்கிறாள்; இல்லையென்றால், தொண்டையைச் செருமிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். எதை எழுதினாலும் அது என் வசதிக்குத்தான் ஆகும். நீங்களும் உங்களுக்குள் ஒன்று முடிவு செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

"சொல்லும்மா" என்கிறார் சாமியார்.

நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். அவள் பேசப் போகிறாள்.