கீழ்வீடு கேட்ட கால்

தொடை எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நல்லசிவம் சந்தோஷப்பட்டதைவிடக் கவலைப்பட்டதுதான் அதிகம். எலும்பு கூடினால் வீடு கைநழுவிப் போய்விடுமே என்ற கவலை.

டெல்லியில் பஸ் நிறுத்தத்தில் நிற்காது, கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் இறங்கிவிட வேண்டும். இருபது வருஷமாக அப்படி இறங்கிய நல்லசிவம், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு எந்தக் காலை முதலில் வைக்கவேண்டும் என்று வகுப்பெடுத்தவர். 97 ஜூனில் ஒருநாள் சரோஜினி நகரில் தானே வேறு காலை வைத்தார். இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. உள்ளே கம்பி செருகி மூன்று மாதம் கட்டிலில் போட்டார்கள். பார்க்க வந்தவர்களிடம் டிரைவர்மேல் பழியைப் போட்டார். காலை மாற்றி வைத்த கதையை மனைவி லீலாவதியிடம்கூடச் சொல்லவில்லை.

லக்ஷ்மிபாய் நகரில் அவர்களுடைய அரசாங்கக் குடியிருப்பு இரண்டாவது மாடி. முப்பத்தெட்டுப் படி. லீலாவதிக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கீழ்வீட்டின்மேல் ஒரு கண். கீழ்வீட்டுக்காரிகள் குளிர்கால வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரிப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். கோடையில் மேலே குழாயில் தண்ணீர் ஏறாது. கீழேயிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தூக்கியாகவேண்டும்.

நல்லசிவம் கட்டிலைவிட்டு எழுந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் மகாதேவன் பார்க்க வந்தார். அலுவலகத்தில் பக்கத்து மேஜை. சர்க்கார் விதிகளெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆறு வருஷம் முன்னால் இருதயக் கோளாறு என்று எழுதிக்கொடுத்துக் கீழ்வீடு வாங்கிக்கொண்டவர்.

"ஓய், உமக்கு அடிச்சிருக்கு யோகம்! மெடிக்கல் கிரவுண்டுல கீழ்வீடு கேட்டு இன்னிக்கே ஒரு அப்ளிகேஷன் போடும். கடைசியிலே மெடிக்கல் போர்டு உம்மை நடக்கச்சொல்லிப் பார்க்கும். அதுவரைக்கும் நன்னா நடந்து தொலைச்சுடாதேயும். காலு உம்மதுதான், ஃபைல் சர்க்காரோடது."

நல்லசிவத்துக்கு இந்த யோசனை பிடித்ததற்குக் கீழ்வீடு மட்டும் காரணமல்ல. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பஞ்சாபிப் பெண் தினமும் பத்துத் தடவை படி ஏறி இறங்கு, காலில் மணல்மூட்டை கட்டித் தூக்கு என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் வலி உச்சந்தலைக்கு ஏறியது. இதையெல்லாம் செய்யாமலிருப்பதே குடும்பத்துக்குச் செய்கிற நன்மை என்று ஒருவர் வந்து சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? "போதும் மகளே, நீ நாளையிலேருந்து வரவேண்டாம்" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஃபைல் போய்வந்தது. முறிந்தது இடது காலா வலது காலா என்று குறிப்பிடப்படவில்லை என்று திரும்பி வந்தது. குறிப்பிட்டார். எக்ஸ்ரே இணைக்கப்படவில்லை என்று வந்தது. இணைத்தார். ஒரு வருஷம் ஆகப்போயிற்று. நல்லசிவம் ஆட்டோவில் அலுவலகம் போய், ஆட்டோவில் வந்து, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நொண்டினார். பாலும் காய்கறியும் தண்ணீரும் லீலாவதி தலையில். எடை அறுபத்தெட்டிலிருந்து எண்பத்தொன்றுக்குப் போனது. நாற்பத்தாறு வயதில் யாரும் கேட்காமலே ஆட்டோக்காரன் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அதையும் தேர்ந்த நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

98 ஜூன் பத்தாம் தேதி போர்டு முன் ஆஜராகும்படி கடிதம் வந்தது. ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஹாலில் ஒத்திகை. லீலாவதி டாக்டராக சோபாவில் உட்கார்ந்தாள். நல்லசிவம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நொண்டிக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல்ல நேரா நடந்து காட்டுங்க. வித்தியாசம் தெரியுதான்னு பாக்கேன்" என்றாள்.

நல்லசிவம் நேராக நடந்தார். அதாவது, நடப்பதாக நினைத்துக்கொண்டார்.

"நேரான்னு சொல்லுதேன்லா."

"நேராத்தானே நடக்கேன்?"

மறுபடி நடந்தார். இடுப்பு இடதுபக்கம் சரிந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை நடந்ததில் டீப்பாயில் மோதி நின்றார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. போர்டை ஏமாற்றப் போனவன் பிரமாதமாக ஏமாந்திருக்கிறான், வேறு யாரும் அல்ல, நானேதான் என்று. லீலாவதி சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். நல்லசிவத்துக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

அவருடைய அதிர்ஷ்டம், பத்தாம் தேதி போனபோது போர்டு டாக்டருக்கு மாற்றலாகி, தேதி அக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. நிஜ நொண்டி என்ற முத்திரை விழாமல் தப்பினோமே என்று சர்க்காரின் தாமதத்துக்கு அவர் மனதார நன்றி சொன்னது வாழ்நாளில் அந்த ஒரே தடவைதான்.

மறுநாள் விடிகாலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து சாணக்யபுரி நேரு பார்க்குக்குப் போனார். குடியிருப்புக்குள் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், ஃபைலுக்கு ஆபத்து. லீலாவதியிடம் ஏன் மறைத்தார் என்றால், வெட்கம். நடந்து பார்த்துத் தோற்றுப்போனால் அதையும் அவள் பார்க்கவேண்டாமே. ஒரு மாதத்துக்குத் தேவையான விபூதியை முன்கூட்டியே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பும்போது ஆட்டோவிலேயே பூசிக்கொள்வார்.

முதல் வாரம் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. கைத்தடி ஊன்றிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி அவரைத் தாண்டிப் போய், ஒரு சுற்று முடித்து, மறுபடியும் தாண்டிப் போனாள். தூதரக வீட்டு நாயொன்று அவரை முகர்ந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்பதுபோல் போயிற்று. பஞ்சாபிப் பெண் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் செய்தார். வலித்தபோது அவளிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டார். பல நாள் ஆட்டோவில் ஏறும்போதே இன்றைக்குத் திரும்பிவிடலாமா என்றிருக்கும். திரும்பினால் கோயிலுக்குப் போகவில்லையா என்று லீலாவதி கேட்பாளே என்பதற்காகவே போனார். ஆகஸ்டில் மெதுவோட்டம் வந்தது. பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டமாகத் தெரிந்திருக்காது, அவருக்கு ஓட்டம். வீட்டுக்கு வந்ததும் பழையபடி நொண்டுவார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒருநாள், ஒரு திருப்பத்தில், எதிரே அரைநிஜாரும் பனியனுமாக ஒருவர் பாய்ந்து வந்தார். மகாதேவன். ஒரு நொடிதான். மகாதேவனின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. நல்லசிவத்தின் கால் தானாக நொண்டியது. இருவரும் அப்படியே நின்றார்கள்.

"காத்தாட வந்தேன்" என்றார் மகாதேவன், மூச்சு வாங்க.

"நானும்தான்."

யாருமில்லாத பார்க்கில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் ஒருவர் நொண்டிக்கொண்டும் வாசல்வரை வந்தார்கள். பிரியும்போது மகாதேவன் தணிந்த குரலில், "போர்டு அன்னிக்குப் பத்தடி, ஓய். பத்தே பத்தடி நொண்டிடும். வீடு உம்மது" என்றார்.

நல்லசிவமும் அப்படித்தான் தீர்மானித்திருந்தார்.

அக்டோபரில் சர்க்கார் ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் பதினைந்து பேர். ஒவ்வொருவரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். லீலாவதி கதவோரத்தில் பையோடு நின்றாள். "பயப்படாதீங்க" என்றாள். அவள் முகம்தான் பயந்திருந்தது.

பெயர் கூப்பிட்டார்கள். டாக்டர் தலை நிமிராமல், "சல்கே திகாவோ" என்றார். நடந்து காட்டச் சொல்கிறார். நல்லசிவம் இடது காலை இழுத்து ஓரடி வைத்தார். எவ்வளவு சுலபமாக வந்தது! ஆட்டோக்காரன் கையைப் பிடித்து இறக்கிவிட்ட அந்த ஒரு வருஷம் முழுக்க அந்த ஓரடிக்குள் இருந்தது. அதற்குள் மறுபடி போனால் திரும்பி வருவோமா என்று அவருக்குத் தெரியவில்லை. நல்லசிவம் பயந்துபோனார். அந்தப் பயத்தில் அடுத்த அடியை நேராக வைத்தார். அதற்கடுத்ததையும். சுவர்வரை போய்த் திரும்பி வந்தார்.

டாக்டர் இப்போது நிமிர்ந்தார். "உமக்கு என்னதான் கஷ்டம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை சார்."

"ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு இங்கே இதுவரை ஒருவரும் வந்ததில்லை" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூரண ஆரோக்கியம், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நல்லசிவத்தைப் பற்றிச் சர்க்கார் நல்லதாக எழுதிய முதல் வரி. அதைப் படித்தபோது அவருக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்தது. கதவைத் திறக்கும்போது வளைந்துவிட்டது.

லீலாவதி கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"வீடு போச்சு லீலா" என்றார்.

"போவட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு ஹாலுல நீங்க நடந்ததைப் பாத்தபெறவு எனக்குத் தூக்கமே இல்ல தெரியுமா? இனிமே இவ்வளவுதான், ஆயுசுக்கும் இப்படித்தான்னு நெனச்சிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம..."

தோற்றுப்போவதை அவள் பார்க்கவேண்டாம் என்று இவர் ஒளித்தார். அவளோ தோற்றுவிட்டதாகவே நம்பி நாலு மாதம் தனியாக அழுதிருக்கிறாள். பார்க்கு, பெஞ்சு, வெள்ளைக்காரக் கிழவி, விபூதி எல்லாவற்றையும் அங்கேயே, நொண்டிகளின் நடுவிலேயே ஒப்புக்கொண்டார்.

லீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஜூனுலேருந்தா நடக்கீங்க?"

"ஆமா."

"அப்ப, ஜூன் ஜூலை ரெண்டு மாசமும் விடியுமுன்னே நான் பக்கெட்டு பக்கெட்டா தண்ணி தூக்கினப்போ, நீங்க பார்க்குல ஓடிக்கிட்டு இருந்தீங்க?"

"ஓடல. அந்த ரெண்டு மாசமும் வெறும் நடைதான்."

லீலாவதி பையை அவர் கையில் திணித்தாள். திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரி வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். பதினாறு மாதத்தில் அவருக்காக நடையைக் குறைக்காமல் அவள் நடப்பது இதுதான் முதல் தடவை. நல்லசிவம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் எட்டி நடைபோட்டார்.